பம்பு யாருது?

ஜூலை 7, 2008 – திங்கள்

கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "ஆர்குட்ல ஊரான் வூட்டு வம்பப் படிக்கறதுக்கு டாக்டர் பட்டம் குடுக்கறானுங்களா? அப்டின்னா நம்ம பிளாக்ல எல்லாப் பொம்பளைக்கும் குடுக்கணுமேடி."

பதில் சொல்ல ஆரம்பித்தால் பஸ் போய்விடும். ரமாபாய் வாயை இந்த வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் யாரும் ஜெயித்ததில்லை, மகள் மதி நான் மட்டும் ஜெயித்துவிடுவேனா?

ஆனால் வம்பு இல்லை அது. 'வீசிங் பிள்ளைகளின் பெற்றோர் – வடசென்னை' என்று இன்டர்நெட்டில், ஆர்குட்டில் ஒரு கம்யூனிட்டி. எண்ணூர், எர்ணாவூர், மணலி புதுநகர் என்று பல இடத்து அம்மாக்கள், கொஞ்சம் அப்பாக்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள். டாக்டர் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்புவதை இவர்கள் வாரக்கணக்கில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தருகிறார்கள். யார் யாரிடம் கற்கிறார்கள் என்று புள்ளியும் கோடுமாகப் படம் போடுவதுதான் என் பிஎச்.டி.

படத்தில் பெரிய புள்ளி லியோனார்ட் என்று ஒருத்தர். அவரிடமிருந்து கோடு போகாத ஆளே இல்லை. என் கைடு வால்டர் சார் அவரைக் 'கருத்துத் தலைவர்' என்கிறார்.

இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. எழுதுகிறவர்களில் நாலில் மூன்று பேர் 'என் மகனுக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பையன்களுக்குத்தான் வீசிங் அதிகம் என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். பையன்கள்தானே நாள் முழுக்கத் தெருவில், கன்டெய்னர் லாரிப் புகையில் பந்து விளையாடுகிறார்கள்?

பொம்பளைப் பிள்ளை நான், எனக்கு ஒன்பது வயசிலிருந்து வீசிங். கைப்பையின் அடியில், கர்ச்சீப்புக்குள், மூச்சு இளைத்தால் வாயில் வைத்து அடிக்கிற பம்பு. டிபார்ட்மென்டில் ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை? சும்மாதான்.

ஜூலை 10

அத்தியாயம் பிரமாதமாம். ஆகஸ்ட் கடைசியில் கருத்தரங்கில் வாசிக்கச் சொல்கிறார் சார். அம்மாவிடம் சொன்னேன். "சேலை இன்னா கலரு?" என்றாள்.

ஜூலை 19 – சனி

ரோஜாப்பூ படம் வைத்த ஒரு அம்மா, ஊர் எர்ணாவூர். பெயரும் 'ரோஜா' என்றுதான் போட்டிருக்கிறார். இன்று எழுதியது:

"என் மகனுக்கு ரெண்டு வருஷமா வீசிங். ஏழாவது படிக்கிறான். டாக்டர் தினமும் பம்பு போடச் சொல்றாங்க. அடுத்த மாசம் வீட்டில் விசேஷம். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள பம்பை நிறுத்த முடியுமா?"

கீழே பதில்கள் வந்து குவிந்துவிட்டன. பழகிடும் சிஸ்டர், உடனே நிறுத்துங்க. பம்பு பழகினா நுரையீரல் சோம்பேறியாயிடும். ஆடாதொடை கஷாயம் குடுங்க. எங்க பையனுக்கு நிறுத்திட்டோம், ஜம்முனு இருக்கான்.

'தவறான அறிவுரை' என்று குறித்து, சிவப்பு நிறம் அடித்தேன். அதுதான் என் வேலை. படிக்கணும், குறிக்கணும், நிறம் அடிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது.

தினம் போடுகிற பம்பைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். முதல் வாரம் ஒன்றும் ஆகாது. அதுதான் மோசம்.

ஜூலை 21 – திங்கள்

சாரிடம் கேட்டேன், நான் ஒரு வரி எழுதலாமா என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஷ்டமான விஷயம் என்றால் அப்படித்தான் செய்வார்.

"எழுதாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. ஆனா நீ எழுதின நிமிஷத்துல இருந்து அது நீ பார்த்த கூட்டம் இல்ல, நீ கலந்துக்கிட்ட கூட்டம். அதுக்கப்புறம் வர்ற டேட்டா எதுக்கும் ஆகாது. யோசிச்சுக்கோ."

கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 24 – வியாழன்

ரோஜா: "பம்பு நிறுத்தி அஞ்சு நாள் ஆச்சு. மகன் நல்லா இருக்கான். எல்லாருக்கும் நன்றி." கீழே வாழ்த்து மழை.

எழுதிவிட்டேன். டேட்டாவாவது மண்ணாவது. 'இது பழக்கம் ஆகிற மருந்து இல்லை. தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.'

ஜூலை 25

"நீங்க யாரு? ஃபோட்டோ இல்ல, ஃப்ரெண்ட்ஸ் இல்ல, பேரு 'ரிசர்ச்சர்'னு கீது. மருந்து கம்பெனி ஆளா?"

சாயங்காலத்துக்குள் கம்யூனிட்டியை விட்டே தூக்கிவிட்டார்கள். எட்டு மாசமாக மூலையில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டவள், வாயைத் திறந்தால் யார் நம்புவார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 2 – சனி

தூக்கம் வராமல் கிடந்ததற்கு ஒரு யோசனை வந்தது. என் பேச்சைக் கேட்க மாட்டார்கள். யார் பேச்சைக் கேட்பார்கள் என்று என் படத்திலேயே இருக்கிறதே! லியோனார்ட் தன் ஆர்குட் பக்கத்தில் கடைப் பெயரும் திருவொற்றியூர் விலாசமும் போட்டிருக்கிறார். போனேன்.

கருத்துத் தலைவர் வாசலில் உட்கார்ந்து மௌஸைப் பிரித்து உருண்டையில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, அரைத் திரை. பையன்கள் ஸ்கூலுக்குப் போனபின் மத்தியானத்தில் அம்மாக்கள் வருவார்களாம். டைப் அடிக்கத் தெரியாதவர்களுக்கு இவரே அடித்துத் தருவாராம். வருகிறவர்களுக்கு ஆர்குட் கணக்குத் திறந்து கொடுக்கும்போதே முதல் நண்பராகத் தன்னைச் சேர்த்துவிடுவாராம். "கடைக்கி ஒரு வெளம்பரம்தானே!"

அவ்வளவுதான் அந்தப் பெரிய புள்ளி. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

ரோஜா யார் என்று கேட்டேன். மனிதர் முகம் மாறிவிட்டது. "இன்னாமா நீ? நம்ம கடைக்கி வர்றவங்க மேட்டர நான் எப்டி வெளிய சொல்றது? நம்பி வந்துகினு கீறாங்க."

ஏழாவது படிக்கிற பையன், வீசிங், பம்பை நிறுத்திவிட்டார்கள், உயிர் போகிற விஷயம் என்றேன். யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சத்தியமா சொல்றேம்மா. இங்க வர்ற எந்தம்மாவுக்கும் அந்த மாரி பையன் கெடையாது."

எர்ணாவூர் வரை போய், ஸ்கூல் விடுகிற வரை வாசலில் நின்று பையன்களாகப் பார்த்தேன். சனிக்கிழமை அரை நாள். எவனுக்கும் இளைக்கவில்லை, எனக்குத்தான் இளைத்தது. லாரிப் புழுதி.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

இன்று என்னைப் பெண் பார்க்க அம்பத்தூரிலிருந்து வந்தார்கள். அதை விடு.

அவர்கள் இருக்கும்போதே நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது, நேற்றைய புழுதி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் படி இறங்கியதும் கைப்பையைத் திறந்தால் பம்பு இல்லை. கர்ச்சீப் மட்டும் இருக்கிறது. பையைத் தலைகீழாகக் கொட்டினேன். கத்தக்கூட மூச்சு இல்லை.

அம்மா ஓடிவந்து துவரம்பருப்பு டப்பாவுக்குள் கையை விட்டாள். பருப்போடு சேர்ந்து பம்பு வந்தது. அடித்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அம்மா முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மூச்சு வந்ததும் முதலில் வந்தது கோபம்தான். "யாரக் கேட்டு எடுத்த? செத்திருப்பேன் தெரியுமா?"

"அந்தம்மா உன் பைப் பக்கத்துல உக்காந்துகினு இருந்துச்சுடி. கைய விட்டுச்சுன்னா?"

"விட்டா இன்னா?"

"போன தபா வந்தவங்க ஜன்னல்ல இருந்தத பாத்துட்டு பம்பு யாருதுன்னு கேட்டாங்க. எனக்குத்தான் பகீர்னு ஆச்சு. எம்பையன் டில்லிபாபுதுன்னு சொல்லிட்டேன்."

டில்லிபாபு! என் அண்ணன். மாடி மாடியாகத் தண்ணி கேன் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன். அவனுக்கு வீசிங்காம். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மறுபடி இருமல்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எம்பையனுதுன்னு சொல்லிட்டேன்.

என் மகனுக்கு ரெண்டு வருஷமா வீசிங்.

அடிப்பாவி மதி. வீட்டில் விசேஷம், சொந்தக்காரர்கள் வருவதற்குள் பம்பு கண்ணில் படாமல் போகணும் – பையனாக இருந்தால் எந்தச் சொந்தக்காரனுக்கு யார் பயப்படப்போகிறார்கள்? ஏழாவது படிக்கிற பிள்ளை. விசேஷம். அது மஞ்சள் நீராட்டுச் சடங்கு! இந்த ஊரிலேயே பிறந்து, இதே பம்பைக் கர்ச்சீப்பில் சுற்றி வைத்துக்கொண்டு, எட்டு மாசமா 'மகன்' 'மகன்' என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்படியானால் அந்த நாலில் மூன்று?

வேண்டாம். இப்போது அதை யோசிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 4 – திங்கள்

லியோனார்டிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "ஏழாவது படிக்கிற பொண்ணு?"

மௌஸைக் கீழே வைத்தார். "பொண்ணா..." என்று தாடையைச் சொறிந்தார். பிறகு, "இரும்மா. மத்தியானம் வருவாங்க" என்றார்.

ரோஜாவின் நிஜப் பெயர் பூமாரி. தெற்கத்திப் பேச்சு, கழுத்தில் கனமான சங்கிலி, எர்ணாவூரில் மளிகைக் கடை. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கல்லாகிவிட்டது. "எனக்கு மவனும் கெடையாது, வீசிங்கும் கெடையாது. நீங்க யாரு வந்து கேக்கதுக்கு?"

வேறு வழி தெரியவில்லை. பம்பை எடுத்து அவர் முன்னாலேயே, அந்தத் திரைக்குப் பக்கத்தில் நின்று, வாயில் வைத்து அடித்தேன். வெளி ஆள் ஒருத்தர் முன்னால் அடித்தது இதுதான் முதல் தடவை.

"பத்தொன்பது வருஷமா போடறேன்க்கா."

"பழகிப்போச்சுல்லா?"

"ஆமாக்கா. மூச்சு விட்டுப் பழகிப்போச்சு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பாவமாகத்தான் பார்த்தார். "ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன்.

"அதான் பாத்தேன்" என்று எழுந்து போய்விட்டார்.

லியோனார்ட் மானிட்டரைத் துடைத்தபடி, யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்: "எர்ணாவூர் மெயின் ரோட்ல நயினார் ஸ்டோர்ஸ். நான் சொல்லல. அந்த 'பழகிடும்' மேட்டர்ல ரெண்டு பேருக்கு நான்தாம்மா டைப் அடிச்சுக் குடுத்தேன். பேஜாரா கீது."

ஆகஸ்ட் 5

போகவில்லை. எந்த முகத்தோடு போவது? போனால் திரும்பவும் அதே கேள்வி, அதே பதில்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசிக் கேள்வி உட்பட. அம்மா பாதிச் சோற்றில் கை கழுவினாள். ரமாபாய் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 6 – புதன்

காலையில் அம்மா நல்ல சேலை கட்டித் தலை வாரி நின்றாள். "வாடி. அந்தம்மா வூட்டுக்குப் போலாம்."

நயினார் ஸ்டோர்ஸ். கல்லாவில் பூமாரியின் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார். பூமாரி எங்களைப் பார்த்ததும் கல்லாவைத் தாண்டி வெளியே வந்துவிட்டார், உள்ளே விடக் கூடாது என்று. கண்ணாலேயே 'போங்க' என்றார்.

அம்மா போகவில்லை. சத்தம் போடவும் இல்லை. "பாப்பா வயசுக்கு வந்துகீதுன்னு கேள்விப்பட்டேன். ஒரு பூ குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று முழம் மல்லியை நீட்டினாள். வழியில் எதற்குப் பூ வாங்கினாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பூவோடு வந்தவளை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள்.

சடங்கு வரை பிள்ளையைத் தனியே உட்காரவைத்திருந்த இடம் கடையின் பின்கட்டு. சரக்கு வைக்கிற ரூம். உள்ளே கால் வைத்ததும் அம்மா அடுக்கடுக்காகத் தும்மினாள். சுவரோரம் ஆளுயரத்துக்கு மிளகாய் வத்தல் மூட்டை. அதற்கு எதிரே, பாயில், அந்தப் பிள்ளை. ராமசெல்வி. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள்பட்டை ஏறி ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. "வாங்க" என்று சொல்ல முயன்றாள், 'வா' மட்டும் வந்தது.

"சளிதான். மிளகு ரசம் குடுத்திருக்கேன்" என்றார் பூமாரி. "ஞாயித்துக்கெழம தூத்துக்குடில இருந்து அவ அத்த வாராவ. அத்த மவனுக்குத்தான் பேசி வச்சிருக்கு. பம்பப் பாத்தாவன்னா..."

அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"இந்தா நிக்கறா பாரு எம்பொண்ணு. இருபத்தெட்டு ஆவுது, கல்யாணம் ஆவல. ஆவலன்னா இன்னா ஆயிப்பூடும்? எங்கூடவே இருந்துகினு தெனம் சண்ட போடுவா. போடட்டும். மூச்சு நின்னுச்சுன்னா யார்கிட்டம்மா சண்ட போடறது?"

பூமாரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பின்னால் திரும்பினால் ஆறுமுகநயினார் நிற்கிறார். எவ்வளவு கேட்டாரோ. "சளின்னுல்லா சொன்ன" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், பதிமூன்று வயசுப் பிள்ளையை. தீட்டு, சடங்கு, ஒன்றும் பார்க்கவில்லை. வியாபார நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோவில் என் பம்பைத்தான் அடித்தோம், ஆஸ்பத்திரி வாசல் வரை.

ஆகஸ்ட் 7

ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9 – சனி

ராமசெல்வி இட்லி கேட்டாளாம்! பூமாரி லியோனார்ட் கடைக்குப் போன் போட்டு, அவர் எனக்குப் போன் போட்டு, நான் பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இட்லிதானே கேட்டுச்சு, இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தற" என்றாள்.

சடங்கு தள்ளிப்போட்டாயிற்றாம். அத்தை முகம் தூக்கிவைத்துக்கொண்டாராம்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். அந்த அத்தியாயம் தப்பு சார். மகன் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் மகளை மறைத்தவர்கள் என்று எனக்குத் தெரியாது, இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நான் எண்ணியது வீசிங் உள்ள பையன்களை இல்லை, பயந்த அம்மாக்களை.

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். கருத்தரங்குக்குப் பெயர் கொடுத்தாயிற்று. எட்டு மாச வேலை. அவருக்கு மனசு உடைந்திருக்கும், எனக்குத் தெரியும்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, இது?"

கைப்பையைத் திறந்து பம்பை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மூணு வருஷமா என்கூட மூணு மாடி ஏறி வர்றியேம்மா" என்றார். பிறகு, "பேப்பரைத் திரும்ப வாங்கிடுவோம். மொதல்ல இருந்து ஆரம்பி. இந்தத் தடவை மூலையில உக்காராம, உன் பேரைச் சொல்லிட்டுப் போய்க் கேளு."

இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும். இழுக்கட்டும்.

செப்டம்பர் 3

கம்யூனிட்டியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், லியோனார்ட் சிபாரிசு. ஃபோட்டோ போட்டேன். பெயர்: மதி, வியாசர்பாடி. 'எனக்கு ஒன்பது வயசிலிருந்து வீசிங். இந்த வீசிங் பற்றித்தான் படிக்கிறேன். நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாமா?'

முதல் பதில்: "ஃபோட்டோல ரொம்ப ஒல்லியா இருக்கீங்க சிஸ்டர்."

அக்டோபர் 27 – தீபாவளி

பிளாக்கே புகை. ஜன்னலைச் சாத்தி ஈரத்துணி சொருகிவிட்டு, நானும் அம்மாவும் உள்ளே கைதிகள்.

நவம்பர் 2 – ஞாயிறு

காலையில் லியோனார்ட் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ரோஜா எழுதியிருக்கிறார். ரோஜாப்பூ படம் இல்லை, அவரும் மகளும் கடை வாசலில் நிற்கிற படம்.

"தீபாவளிப் புகையில் என் மகள் ராமசெல்விக்குக் கொஞ்சம் இழுத்தது. தினமும் பம்பு போடுவதால் சமாளித்துவிட்டோம். மற்றவர்கள் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?"

கீழே வழக்கமான பதில்கள். மகனுக்குப் பரவாயில்லை, மகனுக்கு இருமல். அப்புறம் மணலி புதுநகரிலிருந்து ஒரு அம்மா, இவ்வளவு நாளும் மகன் மகன் என்று எழுதிக்கொண்டிருந்தவர்: "என் மகளுக்கும் இப்போது பரவாயில்லை." அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. லியோனார்ட் எட்டிப் பார்த்து, "இன்னாமா, கண்ணு கலங்குது, ஏசி காத்தா?" என்றார். அந்தக் கடையில் ஏசியே கிடையாது.

சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை பெரம்பூர். அவசரத்தில் தலை வாரி ஹாலுக்கு வந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவி மேலே, புத்தர் சிலைக்குப் பக்கத்தில், பளிச்சென்று பம்பு. எடுக்கப் போனேன். அதற்குள் அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

பையனுடைய அம்மா உட்கார்ந்ததும் கண் நேராக அங்கேதான் போனது.

"அது யாருதுங்க?"

அம்மா கேசரித் தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"எம்பொண்ணுது" என்றாள்.